ஒளியின் நிறமும் மையின் நிறமும்

வெள்ளவத்தைக் காலி வீதியிலே புடைவைக் கடைகளுக்குக் குறைவில்லை. பகல் வேளைகளில் அக்கடைகளிலே ஒரு காட்சியை நாம் பன்முறை கண்டிருக்கின்றோம். வயதில் மூத்த அம்மையார் ஒருவர், விரித்துப் போட்ட சேலைகளுள் ஒன்றைத் தெரிந்தெடுத்து, விலையும் பேசி முடித்த பின்னர், "கொஞ்சம் பொறுங்கோ தம்பி" என்று கடைப்பையனிடம் கூறிவிட்டு, சேலையின் ஒரு தலைப்பைக் கையிற் பற்றியவாறு வாசலுக்கு வந்துவிடுவார். அங்கே வெயிலிலே அதனை விரித்து, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்ப்பார். உள்ளே விளக்கின் கீழ் அரக்கு நிறமாக இருந்தது வெளியே வேறு நிறமாகிவிடுமோ என்பது அவருடைய ஐயம்.

அவர் பௌதிகவியல் கற்றவரல்லர். ஆயினும், நிறம் என்பது பொருளில் மாத்திரம் இருப்பதன்று, அதனைக் காட்டும் ஒளியையும் பொறுத்தது என்னும் உண்மையை அவர் அறிந்திருக்கின்றார். அந்த அறிவை அவருடைய பேரப்பிள்ளைகளாகிய நமது மாணவர்கள் எங்கேயோ தொலைத்துவிட்டார்கள். அவர்களுக்குக் கற்பித்த நாமும் அத்தொலைவுக்கு உடந்தையாக இருந்துவிட்டோம். இதனை நாம் உணர்ந்துகொண்ட வரலாற்றையே இவ்வாரம் வாசகர்களுக்குக் கூற விழைகின்றோம்.

ஓர் அழைப்பிதழ் வழக்கு

சில மாதங்களுக்கு முன்னர், ஒரு சனிக்கிழமை காலை, நமது ஒழுங்கையில் வசிக்கும் குடும்பத்தினர் ஒரு காகிதப் பொதியுடன் நம் வீட்டுக்கு வந்தனர். அவர்களுடைய மூத்த மகளின் பரதநாட்டிய அரங்கேற்றத்துக்கு நான்கு வாரங்களே இருந்தன. பொதிக்குள்ளே 400 அழைப்பிதழ்கள். தாயார் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். அதன் பக்கத்திலே தமது கைத்தொலைபேசியையும் வைத்தார்.

"மாஸ்ரர், நீங்களே சொல்லுங்கோ. இது இரண்டும் ஒரே நிறமா?"

தொலைபேசித் திரையிலே காணப்பட்டது, கண்ணைப் பறிக்கும் நீலம். அப்பெண் அரங்கேறும்போது உடுக்கவிருக்கும் பட்டின் நீலத்தைப் போலவே பின்னணி அமைய வேண்டுமென்று விரும்பி, அதனைத் தெரிந்திருந்தார்கள். அழைப்பிதழிலோ அந்த நீலம் மங்கி, கத்தரிப்பூ நிறமாகிக் கிடந்தது. பொன்னெழுத்துக்கள் என்று எண்ணியிருந்தவை வெறும் மஞ்சட்கபில எழுத்துக்களாகத் தோன்றின. அச்சகத்தார் மலிவான மையை இட்டுத் தம்மை ஏமாற்றிவிட்டார் என்பது குடும்பத்தினரின் குற்றச்சாட்டு. மிகுதிப் பணத்தைக் கொடுப்பதில்லையென அவர்கள் தீர்மானித்திருந்தனர்.

கணினியிலே அவ்வழைப்பிதழை வடிவமைத்துக் கொடுத்த இளைஞர் நமது பழைய மாணவர். பௌதிகவியலில் நல்ல புள்ளி பெற்றவர். அவரும் உடன் வந்திருந்தார். தலை குனிந்து நின்றாரேயன்றி ஒன்றும் பேசவில்லை.

அன்று பிற்பகலே அவரையும் அழைத்துக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குச் சென்றோம். ஜம்பட்டா வீதிக்கு அணித்தான ஓர் ஒழுங்கையில், முன் அறையிலே கணினியும் பின் அறையிலே ஓர் ஓப்செற் இயந்திரமுமாக அமைந்த சிறிய அச்சகம் அது. முதலாளி அறுபதைக் கடந்தவர். நாம் வந்த காரியத்தைக் கூறியதும் அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பின்னர் கூறினார்:

"மாஸ்ரர், நாற்பது வருஷமாக மையோடு சீவிக்கிறேன். ஈய எழுத்துக் கோத்த காலம் தொடக்கம் இதுதான் தொழில். விலை கூடிப்போச்சு என்று சொல்லியிருக்கிறார்கள். சுணக்கம் என்று சொல்லியிருக்கிறார்கள். கள்ளன் என்று இப்போதுதான் கேட்கிறேன். அவர்கள் கொண்டுவந்து காட்டியது வெளிச்சம். என்னிடம் இருக்கிறது மை. வெளிச்சத்தை நான் எந்தக் கடையிலே, எந்தப் பேணியிலே வாங்கிக் கடதாசியில் அடிக்கிறது?"

நூல்கள் பல பக்கங்களிற் கூறும் விடயத்தை அப்பெரியவர் ஒரே கேள்வியில் அடக்கிவிட்டார். அக்கேள்விக்கு நமது பழைய மாணவரிடம் விடையில்லை. உண்மையைக் கூறின், அந்த நேரத்தில் நம்மிடமும் ஒழுங்கான விடை இருக்கவில்லை.

திரையிலே மஞ்சள் இல்லை

வீடு திரும்பிய பின், வாசகர்கள் எல்லோரும் செய்து பார்க்கக்கூடிய இரண்டு சிறிய பரிசோதனைகளைச் செய்தோம்.

முதலாவதாக, கைத்தொலைபேசியின் திரையிலே வெண்மையான ஒரு பக்கத்தைத் தோற்றுவித்து, விரல் நுனியால் ஒரு சிறு துளி நீரை அதன்மேல் இட்டோம். நீர்த்துளி உருப்பெருக்கும் கண்ணாடியாகத் தொழிற்படும். அதனூடாக நோக்கியபோது வெண்மை மறைந்தது. சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று நிறப் புள்ளிகள் மாத்திரமே அங்கே மின்னின. அதே இடத்தில் மஞ்சள் நிறப் படமொன்றைக் கொண்டுவந்தோம். நீலப் புள்ளிகள் அணைந்து, சிவப்பும் பச்சையும் எரிந்தன. மஞ்சள் என்று ஒரு புள்ளியேனும் இல்லை. திரையிலே நாம் காணும் மாம்பழமும் சாமந்திப்பூவும் சிவப்பும் பச்சையும் சேர்ந்து நம் கண்ணிலே உண்டாக்கும் தோற்றமேயன்றி வேறல்ல.

இது நடைபெறுவதற்குக் காரணம் நம் கண்ணின் அமைப்பு. விழித்திரையிலே மூவகையான கூம்புக் கலங்கள் உள்ளன. ஒளியின் வெவ்வேறு பகுதிகளுக்கு அவை வெவ்வேறு அளவில் உணர்ச்சி கொள்கின்றன. அம்மூன்றும் எவ்வெவ்வளவில் தூண்டப்படுகின்றனவோ அதற்கேற்ப மூளை நிறத்தை அறிகின்றது. ஆதலால், மூன்று ஒளிகளைத் தக்க அளவிற் கலந்தால் எண்ணற்ற நிறங்களைத் தோற்றுவிக்கலாம். 1861 ஆம் ஆண்டு மே மாதம் 17 ஆந் திகதி, இலண்டன் ரோயல் இன்ஸ்ரிரியூஷன் மண்டபத்திலே, ஜேம்ஸ் கிளார்க் மக்ஸ்வெல் என்னும் பௌதிக அறிஞர் இதனை யாவருங் காண மெய்ப்பித்தார். பலநிறக் கோடுகள் கொண்ட ஒரு நாடாவைச் சிவப்பு, பச்சை, நீல வடிகளினூடாக மூன்று முறை படமெடுப்பித்து, அம்மூன்று படங்களையும் அவ்வந் நிற ஒளியாலே ஒரே திரையில் ஒன்றன்மேல் ஒன்றாக வீழ்த்தினார். நாடா தன் நிறங்களோடு திரையிலே தோன்றியது. நம் வீட்டுத் தொலைக்காட்சியும் கணினியும் கைத்தொலைபேசியும் அன்று அவர் காட்டிய வழியிலேயே இன்றும் நடக்கின்றன.

இம்முறையிலே இருள்தான் தொடக்கம். மூன்று விளக்குகளும் அணைந்திருந்தால் கருமை. ஒவ்வோர் ஒளியாகக் கூட்டக் கூட்டப் பிரகாசம் மிகுகின்றது. மூன்றும் முழுமையாக எரிந்தால் வெண்மை. கணினியிலே ஒவ்வோர் ஒளிக்கும் வழக்கமாக 256 படிகள் உண்டு. மூன்றையும் பெருக்கினால் 1 கோடியே 67 இலட்சத்து 77 ஆயிரத்து 216 சேர்க்கைகள் கிடைக்கும். வடிவமைப்போர் ஆர்.ஜி.பி. என்று குறிப்பிடுவது, சிவப்பு, பச்சை, நீலம் என்பவற்றின் ஆங்கிலப் பெயர்களின் முதலெழுத்துக்களைச் சேர்த்த இந்த முறையையே.

கடதாசி விளக்கன்று

இரண்டாவது பரிசோதனைக்கு ஓர் உருப்பெருக்குங் கண்ணாடி போதும். இப்பத்திரிகையிலே உள்ள வண்ணப்படம் ஒன்றின்மேல் அதனை வைத்துப் பாருங்கள். படம் கலைந்து புள்ளிகளாகும். பத்திரிகைத் தாளிலே ஓர் அங்குலத்துக்கு ஏறத்தாழ 85 முதல் 100 வரையிலான புள்ளி வரிசைகளும், வழவழப்பான தாளிலே 150 அல்லது 175 வரிசைகளும் இருப்பது வழக்கம். அப்புள்ளிகளின் நிறங்களைக் கவனியுங்கள். அங்கே சிவப்பு மையும் இல்லை, பச்சை மையும் இல்லை. ஆகாயத்தை ஒத்த பசுநீலம், செந்நீலச் சிவப்பு, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கே உள்ளன. அச்சகத்தார் முதலிரண்டையும் சயன், மஜெந்தா என்று அழைப்பர்.

ஏன் இந்த நிறங்கள்? கடதாசி விளக்கன்று. அதற்குச் சொந்த ஒளி கிடையாது. வெயிலோ விளக்கோ அதன்மேல் வீழ்த்தும் வெண்மையான ஒளியை அது திருப்பி அனுப்புகின்றது. மை அந்த ஒளியிலே ஒரு பகுதியை விழுங்கிவிடுகின்றது. சயன் மை சிவப்பொளியை விழுங்கும். மஜெந்தா பச்சையொளியை விழுங்கும். மஞ்சள் மை நீலவொளியை விழுங்கும். விழுங்கியது போக எஞ்சியதே நம் கண்ணுக்கு வருகின்றது. சயன்மேல் மஞ்சளைப் பூசினால் சிவப்பும் நீலமும் விழுங்கப்பட்டுப் பச்சை மிஞ்சும்.

ஆகவே, திரையின் கணக்கு கூட்டற் கணக்கு. அச்சின் கணக்கு கழித்தற் கணக்கு. திரை இருளில் தொடங்கி வெண்மையை நோக்கிச் செல்கின்றது. அச்சு வெண்மையில் தொடங்கி இருளை நோக்கிச் செல்கின்றது.

மூன்று மைகளும் சேர்ந்தால் ஒளி முழுவதும் விழுங்கப்பட்டுக் கருமை தோன்ற வேண்டும். ஆனால் நடைமுறையிலே எந்த மையும் அத்துணைத் தூயதன்று. மூன்றுஞ் சேர்ந்தால் சேறு போன்ற கபில நிறமே வருகின்றது. எனவேதான் கறுப்பு மை நான்காவதாகச் சேர்ந்தது. சி.எம்.வை.கே. என்னும் பெயரின் கடைசி எழுத்து அந்தக் கறுப்பையே குறிக்கின்றது. ஏனைய நிறங்களைப் பொருத்தி அடிப்பதற்கு ஆதாரமாக அமையும் தகட்டை ஆங்கிலத்திலே 'கீ' என்று அழைத்ததனால் அவ்வெழுத்து வந்தது.

அரங்கேற்ற அழைப்பிதழின் நீலம் கத்தரிப்பூவாக மாறிய மருமமும் இங்கேயே இருக்கின்றது. திரையின் நீலம் ஒரே விளக்கின் தூய ஒளி. அச்சிலே அதற்கு நேரான மை இல்லை. சயனையும் மஜெந்தாவையும் ஒன்றன்மேல் ஒன்றாக இட்டே நீலத்தை ஆக்கவேண்டும். மஜெந்தா பச்சையை மாத்திரம் விழுங்கிவிட்டு நீலத்தை முழுமையாகத் திருப்பித் தர வேண்டியது. அதுவோ நீலத்திலும் ஒரு பங்கை விழுங்கிவிடுகின்றது. சயனும் தன் பங்குக்குச் சிறிது களவாடுகின்றது. எஞ்சிவரும் நீலம் மங்கியும் செம்மை கலந்தும் தோன்றுகின்றது. அச்சக முதலாளி உயர்ந்த மையை இட்டிருந்தாலும் நாலு மைகளால் திரையின் நீலத்தைக் கடதாசியிற் கொண்டுவந்திருக்க முடியாது. களவு செய்தது மை. பழி சுமந்தவர் மனிதர்.

பழைய மனிதர் அறிந்திருந்தனர்

இவ்வேற்றுமை இன்று கண்டுபிடிக்கப்பட்டதன்று. ஐசாக் நியூற்றன் 1666 இல் அரியத்தினூடாக வெயிலைச் செலுத்தி நிறங்களாகப் பிரித்துக் காட்டினார். அந்நிறங்களை மீண்டுஞ் சேர்த்தால் வெண்மை வரும் என்றும் நிறுவினார். அவருடைய காலத்தை அடுத்து வாழ்ந்த யாக்கோப் கிறிஸ்ரோப் லெ புளொன் என்பவர், மூன்று நிற மைகளாலே ஓவியங்களை அச்சிட முயன்றவர். 1725 ஆம் ஆண்டளவில் வெளியிட்ட தமது நூலிலே அவர் இரண்டையும் பிரித்துக் காட்டினார். ஓவியர் கையாளும் பொருள் நிறங்கள் ஒன்றுசேர்ந்தால் கருமையாகும், தொட்டுணர முடியாத ஒளி நிறங்கள் ஒன்றுசேர்ந்தால் வெண்மையாகும் என்பது அவர் கூற்றின் சாரம். கொட்டாஞ்சேனை முதலாளி நம்மிடங் கேட்ட கேள்வியின் விடை ஏறத்தாழ 300 ஆண்டுகளுக்கு முன்னரே அச்சேறிவிட்டது.

நம் நாடுகளின் அச்சுக்கலை வரலாற்றை நோக்கினும், நிறத்தின் இயல்பை அறிந்து அதனோடு போராடியவர்களைக் காண்கின்றோம். ஓவியர் இரவிவர்மா 1894 இல் பம்பாயிலே வண்ண அச்சகம் ஒன்றை நிறுவினார். ஜேர்மனியிலிருந்து இயந்திரங்களையும் தொழில் வல்லுநரையும் வருவித்தார். அவர் தீட்டிய இலக்குமியும் சரஸ்வதியும் அவ்வச்சகத்தின் வாயிலாக எளிய மக்களின் பூசையறைகளை அடைந்தன. அக்காலக் கல்லச்சு முறையிலே ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிக் கல் வேண்டும். சரஸ்வதியின் சேலைக்கு ஒரு கல், மேனிக்கு வேறு கற்கள் என, ஒரு படத்துக்குப் பல கற்களைச் சித்தஞ்செய்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் பிசகாமல் அடித்தெடுக்க வேண்டும். எந்த நிறத்துக்கு எந்த மை என்று முடிவு செய்தவன், ஓவியத்துக்கும் கடதாசிக்கும் இடையே நின்று ஒவ்வொரு நிறத்தையும் எடைபோட்டுப் பார்த்த கல்லச்சுத் தொழிலாளி.

கல்கத்தாவிலே உபேந்திரகிஷோர் ராய் என்பார், தாம் எழுதிய நூலின் படங்கள் அச்சிலே சிதைந்து வந்தமை கண்டு மனம் நொந்து, புள்ளிப்பட அச்சு முறையைத் தாமே கற்கத் தலைப்பட்டார். 1895 இல் இங்கிலாந்திலிருந்து கருவிகளை வருவித்துத் தொழிலை ஆரம்பித்தார். அவருடைய ஆராய்ச்சிக் கட்டுரைகள் இங்கிலாந்தின் அச்சுக்கலை ஆண்டிதழான பென்றோஸிலே வெளிவந்தன. சத்தியஜித் ராயின் பாட்டனார் இவரே. படம் கெட்டது கண்டு அச்சகத்தானை வைதுவிட்டு அவர் போகவில்லை. ஏன் கெட்டது என்று தேடிச் சென்றார். நமது மாணவர்கள் நினைவிற் கொள்ளவேண்டிய பண்பு இது.

கொழும்புத் தமிழ்க் குடும்பங்களைப் பொறுத்தமட்டில், நீண்ட காலமாக வீட்டுக்குள்ளே வந்த வண்ணப்படம் என்றால் அது மையாலான படமே. நாட்காட்டித் தாளிலே முருகனும், கொப்பி அட்டையிலே பூக்களும், தீபாவளி மலரின் அட்டையும் யாவும் மை. 1982 ஆம் ஆண்டு பெப்ரவரி 15 ஆந் திகதி ரூபவாஹினி ஒளிபரப்பைத் தொடங்கியது. அதன் பின்னர் ஒளியாலான நிறம் வீட்டு மண்டபத்துக்கே வந்து சேர்ந்தது. ஆயினும் அக்காலத்தில் இரண்டுங் கலக்கவில்லை. தொலைக்காட்சியிற் கண்ட படத்தை எடுத்துச் சென்று, "இதைப் போலவே அடித்துத் தாருங்கள்" என்று எவரும் அச்சகத்தாரைக் கேட்டதில்லை. அச்சகத்துக்கே கணினி வந்த பின்னர்தான் ஒளியிலே வரைந்து மையிலே அடிக்கும் நிலை உண்டாயிற்று. ஒவ்வொருவர் கையிலும் தொலைபேசி வந்த பின்னரோ, அழைப்பிதழைக் கடதாசியிற் காணுமுன் ஒளியிற் கண்டு சம்மதிக்கும் வழக்கமும் வந்துவிட்டது. பிணக்கு அங்கேதான் பிறந்தது.

எது உயர்ந்தது?

ஒளியின் நிறமே உயர்ந்தது, மையின் நிறம் அதன் மங்கிய நகல் என்று வாசகர்கள் எண்ணிவிடலாகாது. ஒவ்வொன்றுக்கும் ஓர் எல்லை உண்டு. திரையின் சுடரும் பச்சையும் ஆழ்ந்த நீலமும் நாலு மை அச்சுக்கு எட்டாதவை. ஆனால் தூய சயன் மையைக் கடதாசியிலே நிறைவாக இட்டால் தோன்றும் பசுநீலத்தைச் சாதாரணத் திரைகளாலும் சரிவரக் காட்ட முடியாது. பொன்னிறமோ இரண்டுக்கும் எட்டாதது. திரையிலே பொன்னாகத் தோன்றுவது, மஞ்சளும் கபிலமும் வெண்மையும் கலந்து மினுக்கம் போலக் காட்டும் சித்திரம். உண்மையான மினுக்கம் வேண்டின், அச்சகத்தார் உலோகத் துகள் கலந்த பொன் மையைத் தனியே இடவேண்டும், அல்லது பொற்றாளை வெப்பத்தால் ஒட்டவேண்டும். அரங்கேற்ற அழைப்பிதழிலே பொன்னெழுத்துக்கள் மஞ்சட்கபிலமானதும் இதனாலேதான்.

நம் தேசியக் கொடியையே பாருங்கள். 1951 இல் சேர்க்கப்பட்ட இரண்டு பட்டைகளுள் பச்சை முஸ்லிம் மக்களையும் செம்மஞ்சள் தமிழ் மக்களையும் குறிக்கின்றன. சுதந்திர தினத்தன்று அச்செம்மஞ்சளைத் தொலைக்காட்சியிலே ஒரு விதமாகவும், பிள்ளைகள் கையில் ஏந்தும் கடதாசிக் கொடியிலே இன்னொரு விதமாகவும், கம்பத்திலே பறக்கும் துணியிலே வேறொரு விதமாகவும் காண்கின்றோம். ஒன்று ஒளி, ஒன்று மை, ஒன்று சாயம். கொடி ஒன்றே.

இம்மயக்கத்தைத் தீர்க்க உலகத்தார் பல அளவைகளை வகுத்துள்ளனர். 1931 இல் ஒளியியலுக்கான சர்வதேச ஆணைக்குழு, மனிதக் கண் காணும் நிறங்களை எண்களாற் குறிக்கும் முறையை வகுத்தது. 1963 இல் அமெரிக்காவிலே பன்ரோன் என்னும் நிறுவனம், குறித்த எண்ணுக்குக் குறித்த மைக்கலவை என்று நிற மாதிரித் தாள்களை வெளியிட்டது. 1996 இல் ஹியூலற் பக்கார்ட், மைக்ரோசொப்ற் ஆகிய இரு நிறுவனங்கள் திரைகளுக்கென ஒரு பொது அளவையை முன்வைத்தன. இவற்றின் துணையால் ஒரு திரையின் நிறத்தை ஓர் அச்சியந்திரத்தின் எல்லைக்குள் எங்கே கொண்டுபோய் இருத்தலாம் என்று கணினி கணக்கிடுகின்றது. எல்லைக்கு வெளியே உள்ள நிறத்துக்கு, அதற்கு அண்மையான நிறத்தையே அது தரும். எல்லையைக் கடக்க எந்தக் கணக்காலும் இயலாது.

நம்முடைய பங்கு

வழக்குக்கு மீண்டும் வருவோம். மறுநாள் மாலை மூன்று தரப்பாரையும் நம் வீட்டிலே கூட்டினோம். நீர்த்துளியையும் உருப்பெருக்குங் கண்ணாடியையும் காட்டினோம். தாயார் கண்ணாடியினூடாக அழைப்பிதழை நெடுநேரம் நோக்கினார். பின்னர் முதலாளியைப் பார்த்து, "ஐயா, நான் கதைத்தது பிழை" என்றார். பெரியவர் மறுமொழி கூறவில்லை. தமது பையிலிருந்து ஒரு சிறு தாளை எடுத்து மேசைமேல் வைத்தார். தனியாகக் கலந்த நீல மையொன்றைப் பூசி உலர்த்திய மாதிரி அது. தொலைபேசியின் நீலத்துக்கு அது ஈடாகாவிடினும், பட்டின் நீலத்துக்கு மிக அண்மையாக இருந்தது. முதல் நாள் நாம் வந்துபோன பின்னர், தமது பெயருக்கு நேர்ந்த இழுக்கைப் பொறுக்காது, இரவிலே இருந்து அம்மையைக் கலந்திருக்கின்றார்.

நமது பழைய மாணவர் அப்போதுதான் வாய் திறந்தார். "சேர், எனக்குச் சித்திர வகுப்பிலே சிவப்பு, மஞ்சள், நீலம் மூல நிறங்கள் என்று படிப்பித்தார்கள். உங்கள் வகுப்பிலே சிவப்பு, பச்சை, நீலம் என்று படித்தேன். இரண்டையும் பாடமாக்கி இரண்டு பரீட்சையிலும் எழுதினேன். ஏன் இரண்டு என்று நானும் கேட்கவில்லை, நீங்களும் சொல்லவில்லை."

அச்சொல் நம்மைச் சுட்டது. உண்மை அதுதான். சித்திர ஆசிரியர் மையைப் பற்றிப் பேசினார். நாம் ஒளியைப் பற்றிப் பேசினோம். ஒரே பிள்ளை ஒரே நாளிலே இரண்டு அறைகளிலும் இருந்து, ஒன்றையொன்று மறுப்பன போலத் தோன்றும் இரண்டு பாடங்களைக் கேட்டுச் சென்றது. இடையிலே இருந்த சுவரிலே ஒரு கதவைத் திறந்துவிட நம்மில் எவருக்கும் தோன்றவில்லை. திறந்திருந்தால், சித்திர வகுப்பின் சிவப்பும் நீலமும் அச்சுக்காரனின் மஜெந்தாவுக்கும் சயனுக்கும் அண்மையான உறவினரே என்பதையும், அவை விழுங்கும் ஒளிகளே பௌதிக வகுப்பின் பச்சையும் சிவப்பும் என்பதையும் அன்றே கண்டிருப்பான். கண்டிருந்தால், வாடிக்கையாளர் திரையைப் பார்த்துச் சம்மதித்தபோது, "அம்மா, இது வெளிச்சம். கடதாசியில் இவ்வாறு வராது" என்று முன்கூட்டியே கூறியிருப்பான். ஒரு முதியவரின் நாற்பது வருட நற்பெயர் ஒரு நாளேனும் கேள்விக்குள்ளாகியிராது.

புதிய அழைப்பிதழ்களுக்கான கடதாசிச் செலவைக் குடும்பத்தாரும், தகட்டுச் செலவை வடிவமைத்த இளைஞரும் ஏற்றனர். கூலியை முதலாளி விட்டுக்கொடுத்தார். தனி மைக்கான செலவிலே ஒரு பங்கை நாம் ஏற்றோம். அது தருமமன்று, ஆசிரியன் செலுத்த வேண்டிய கடன். முந்திய பணத்தின் மிகுதியும் அன்றே கொடுத்துத் தீர்க்கப்பட்டது.

மாணவர்களுக்கும் குடும்பத்தாருக்கும் நாம் கூற விரும்புவன சிலவே. திரையிற் கண்ட நிறத்துக்கு ஒருபோதும் சம்மதங் கொடாதீர்கள். முழுத்தொகையும் அடிக்குமுன்னர் அதே கடதாசியிலே ஒரு புரூப் கேட்டு வாங்குங்கள். அதற்குச் சிறிது பணமும் ஒரு நாளும் செலவாகலாம். 400 அழைப்பிதழ்கள் வீணாவதிலும் அது மேலானது. அந்தப் புரூப்பை மஞ்சள் விளக்கின் கீழும் பாராதீர்கள். பகலொளியிலே பாருங்கள். ஒரு நிறத்திலே மிக்க விருப்பம் இருந்தால், அந்நிறமுள்ள துணியையோ தாளையோ எடுத்துச் சென்று அச்சகத்தாரிடம் காட்டுங்கள். வடிவமைக்கும் இளைஞர்கள், வேலையைத் தொடங்கும்போதே அது திரைக்கா அச்சுக்கா என்று கேட்டறிந்து, எட்டாத நிறம் எதுவெனில் அதனை ஒளியாமற் கூறிவிட வேண்டும்.

வேறு எவரிடமும் கற்க இயலாவிடின், காலி வீதிப் புடைவைக் கடை வாசலிலே சிறிது நேரம் நில்லுங்கள். சேலைத் தலைப்பைக் கையிற் பிடித்துக்கொண்டு வெயிலுக்கு வரும் அந்த அம்மையாரைப் பாருங்கள். கடைக்காரனைப் பொய்யன் என்று எண்ணி அவர் வெளியே வரவில்லை. விளக்கு வேறு, வெயில் வேறு என்று தெரிந்தமையால் வருகின்றார். பார்த்துத் திருப்தியடைந்ததும் உள்ளே சென்று பணத்தைக் கொடுக்கின்றார். பின்னர் அந்தக் கடைக்கே மீண்டும் வருகின்றார்.

அரங்கேற்றத்துக்கு நாமும் சென்றிருந்தோம். முதல் வரிசையில் ஓர் ஆசனத்திலே கொட்டாஞ்சேனைப் பெரியவர் அமர்ந்திருந்தார். பெண் மேடைக்கு வந்ததும், தம் கையிலிருந்த அழைப்பிதழை ஒரு முறை பார்த்தார். அப்பால் அவளுடைய பட்டைப் பார்த்தார். பின்னர் அழைப்பிதழை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நடனத்தைப் பார்க்கத் தொடங்கினார்.